வெளியேறும் வாசல்: கே. பாலசந்தரின் திரைவெளியும் சம்பாதிக்கும் பெண்ணும்

ஆய்வுச் சுருக்கம்

நாடக ஆசிரியராகத் தொடங்கித் திரைப்பட இயக்குநராகவும் இறுதிக் காலத்தில் நடிகராகவும் விளங்கிய கே. பாலசந்தர் (1930–2014) பழைய தஞ்சாவூர் மாவட்டத்து நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர். அவர் படங்களைப் பற்றிய திறனாய்வு நெடுங்காலமாக இரண்டு தீர்ப்புகளுக்குள் நின்றுவிட்டது. பெண்ணின் குரலை முன்னிறுத்திய படங்கள் என்பது ஒன்று. மேடைத்தன்மை நீங்காத படங்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வீடு, அலுவலகம், கச்சேரி மேடை ஆகிய அடைபட்ட இடங்களிலேயே அவருடைய கதைகள் நிகழ்கின்றன. அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு விடுதலை என்பது அவ்விடத்தை விட்டு வெளியேறுதலாகவே கிடைக்கிறது. அந்த வெளியேற்றம் எங்கே விடுதலையாகிறது, எங்கே தியாகமாகச் சுருங்குகிறது என்பதும், காவிரிப்படுகையில் பிறந்த கலைஞரின் படங்களில் அந்நிலம் இடம்பெறாமைக்கான பொருளும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாலசந்தர், நன்னிலம், நாடக மேடை, திரைவெளி, பெண் பாத்திரம், தமிழிசை, காவிரிப்படுகை

முன்னுரை

பாலசந்தரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் வளர்த்தெடுத்த நடிகர்களின் பெயர்களிலிருந்தே தொடங்குகின்றனர். ரஜினிகாந்த், சரிதா, விவேக் ஆகியோரை அறிமுகம் செய்தவர், கமல்ஹாசனைக் குழந்தை நட்சத்திரம் என்னும் நிலையிலிருந்து வளர்ந்த நடிகராக்கியவர், பிரகாஷ்ராஜைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்னும் பட்டியல் உண்மையானதே. ஆயினும் அது ஓர் இயக்குநரின் பெருமையைப் பிறருடைய புகழைக் கொண்டு அளக்கும் முறை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எழுதியும் இயக்கியும் வந்த ஒருவர் எவற்றைத் திரும்பத் திரும்பப் படமாக்கினார், எவற்றைத் தொடாமல் விட்டார் என்னும் கேள்விக்கு அப்பட்டியலில் விடையில்லை.

பத்மஸ்ரீ (1987), 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது ஆகியவற்றால் அவருடைய தகுதி அரசளவில் நிலைபெற்றுவிட்டது. இனி வேண்டுவது பாராட்டன்று, பிரித்தறிதல். எல்லாப் படங்களும் புரட்சிகரமானவை என்னும் பொதுக்கூற்று, அவருடைய சிறந்த படங்களுக்கே அநீதி செய்கிறது.

நன்னிலமும் ஏ.ஜி. அலுவலகமும்

நன்னிலம் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். மயிலாடுதுறை–திருவாரூர் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த நல்லமாங்குடியில் 1930 ஜூலை 9 அன்று கைலாசத்தின் மகனாகப் பாலசந்தர் பிறந்தார். சிறு வயதிலேயே எம். கே. தியாகராஜ பாகவதரின் படங்களில் ஈடுபாடு கொண்டவர்; பன்னிரண்டு வயதளவில் நாடகத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1950இல் சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

இந்தச் சிறு குறிப்பு ஒரு தனிமனிதரின் வரலாறு மட்டுமன்று. காவிரிப்படுகையின் பிராமணக் குடும்பங்கள் நிலத்தை விட்டு, ஆங்கிலக் கல்வியைப் பற்றிக்கொண்டு, அரசு அலுவலகங்களை நாடி நகரங்களுக்குப் பெயர்ந்ததையும், அப்பெயர்ச்சி ஒரு சாதியை நடுத்தர வர்க்கமாக உருமாற்றியதையும் சி. ஜே. ஃபுல்லர், ஹரிப்ரியா நரசிம்மன் ஆகியோர் தம் 2014ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியுள்ளனர். நன்னிலம், முத்துப்பேட்டை, சென்னை என்னும் பாலசந்தரின் பாதை அந்தப் பெரிய பெயர்ச்சியின் ஓர் இழை. அவருடைய கலைக்குப் பார்வையாளராக முதலில் அமைந்தவர்களும் அதே பாதையில் வந்தவர்களே. சபாக்களில் மாலை நேரத்தில் நாடகம் பார்க்க வந்தவர்கள் பகலில் கோப்புகளைப் புரட்டியவர்கள். ஊரில் நிலத்தையும் உறவையும் விட்டுவிட்டு, நகரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தவர்கள்.

இதே படுகையில் ஒன்பதாண்டு முன்னதாக, 1921இல், மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமனை இங்கு ஒப்புநோக்குவது பொருத்தம். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரும் அரசுப் பணி நிமித்தம் சென்னைக்கும் தில்லிக்கும் பெயர்ந்தவர். வழக்கத்தை மீறும் பெண்களைப் படைத்தவர். ஆனால் ஜானகிராமன் எங்கிருந்து எழுதினாலும் காவிரியும் கும்பகோணத்துத் தெருக்களும் உடன் வந்தன. பாலசந்தருடன் அவை வரவில்லை. ‘மோகமுள்’ளில் தன்னைவிட மூத்த யமுனாவை விரும்பும் பாபுவின் வேட்கை, ஆற்றங்கரையோடும் இசைப் பயிற்சியோடும் பின்னிக் கிடக்கிறது. ‘அபூர்வ ராகங்க’ளில் (1975) தன்னைவிட மூத்த பாடகி பைரவியை விரும்பும் பிரசன்னாவின் வேட்கையோ ஒரு வீட்டிற்குள், ஒரு விக்கிரமாதித்தன் புதிராக வடிவம் கொள்கிறது. முன்னது நிலத்தின் கதை. பின்னது உறவுமுறைக் கணக்கின் கதை. கணக்காயர் அலுவலகத்தில் உருவான மனம் உறவுகளை இப்படிக் கணக்காகப் பார்த்தது என்று கூறுவது சற்று மிகையாகலாம். எனினும் பாலசந்தரின் கதைக்கட்டில் கூட்டல் கழித்தல் ஒழுங்கு ஒன்று இருப்பதை எவரும் மறுக்க இயலாது. ‘இரு கோடுகள்’ என்னும் தலைப்பே, ஒரு கோட்டைத் தொடாமல் அதைச் சிறியதாக்க அருகே பெரிய கோடு போடும் கணக்கிலிருந்து பிறந்தது.

ஒரே அரங்கு

அலுவலகப் பணியின் ஊடே பாலசந்தர் நாடகங்கள் எழுதினார். ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவின் வழியே அவற்றை மேடையேற்றினார். ‘மேஜர் சந்திரகாந்த்’ முதலில் ஏ.ஜி. அலுவலக நிகழ்ச்சிக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கம் பெற்றது. அதில் நடித்த சுந்தரராஜனுக்கு ‘மேஜர்’ என்னும் அடைமொழி வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 1964இல் எம். ஜி. ஆர். நடித்த ‘தெய்வத்தா’யின் உரையாடலை எழுதியதன் வழியே அவர் திரைக்கு வந்தார். அதே ஆண்டில் அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு படமாக்கினர். 1965இல் ‘நீர்க்குமிழி’ அவரை இயக்குநராக்கியது.

இந்தத் தொடக்ககாலப் படங்களில் இடம் எப்படி அமைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நீர்க்குமிழி’ ஒரு மருத்துவமனைக்குள் முடங்கிய கதை. ‘எதிர்நீச்சல்’ (1968) பல குடித்தனங்கள் வாழும் ஒரே வீட்டின் கதை. அதன் நாயகன் மாது மாடிப்படிக்குக் கீழே வசிப்பவன். எல்லாக் குடித்தனங்களுக்கும் எடுபிடி வேலை செய்பவன். ‘பாமா விஜயம்’ (1967) பக்கத்து வீட்டில் ஒரு நடிகை குடிவந்ததும் ஒரு கூட்டுக்குடும்பம் படும்பாடு. தேசிய விருது பெற்ற ‘இரு கோடுகள்’ (1969) மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நிகழ்கிறது. தான் கைவிட்ட முதல் மனைவியே ஆட்சியராக வர, அவளுக்குக் கீழே எழுத்தராக வேலை பார்க்க நேர்கிறது கணவனுக்கு.

மேடைத்தன்மை என்று குறைகூறப்படுவது இதைத்தான். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. உரையாடல் மிகுதி, பாத்திரங்கள் வரிசையாக நின்று பேசுதல், குறியீடுகளை விரல்விட்டுச் சுட்டுதல் ஆகியவை அவர் கடைசிவரை கைவிடாத பழக்கங்கள். பல படங்களில் பார்வையாளர் புரிந்துகொண்ட பிறகும் படம் விளக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அடைபட்ட இடம் என்பது இயலாமையால் மட்டும் வந்ததன்று. நகர நடுத்தர வர்க்கம் உண்மையில் வாழ்ந்த இடம் அதுவே. மாதுவின் மாடிப்படி ஒரு மேடைப்பொருள் மட்டுமன்று; குடித்தன வீட்டின் அதிகார அடுக்கே அந்தப் படிக்கட்டில் காட்சியாகிவிடுகிறது. மேலே இருப்பவர் அழைப்பார், கீழே இருப்பவன் ஓடுவான். ‘இரு கோடுக’ளில் மேசையின் எந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதே நாடகம். ஆண் நின்றுகொண்டிருக்கப் பெண் அமர்ந்து கையொப்பமிடும் அக்காட்சியின் வலிமை, அலுவலகம் என்னும் இடத்தின் ஒழுங்கை உள்ளிருந்து அறிந்த ஒருவரால் மட்டுமே வரக்கூடியது.

அவ்வாறாயின் அடைபட்ட இடத்தில் வாயில் முதன்மை பெறுவது இயல்பு. யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதே அங்கு நிகழ்ச்சி. ‘அபூர்வ ராகங்க’ளில் ரஜினிகாந்த் இரு கதவுகளையும் தள்ளித் திறந்துகொண்டு வரும் முதற்காட்சி, பிற்கால நட்சத்திரப் புகழால் ஒரு தொன்மமாகிவிட்டது. அந்தத் தொன்மத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது எளிய உண்மை: கைவிட்டுப் போன கணவன் பைரவியின் வாயிலுக்குத் திரும்பி வந்திருக்கிறான், அதுவரை அவள் கட்டிக்காத்த வீட்டின் அமைதி அந்தக் கதவோசையில் கலைகிறது.

சம்பாதிக்கும் பெண்: லலிதா, கவிதா, அனு

1970களில் பாலசந்தரின் படங்களுடைய மையத்துக்கு வருபவள் குடும்பத்தைத் தாங்கும் பெண். தமிழ்த் திரையில் அதற்கு முன்பும் துன்பப்படும் பெண்கள் ஏராளம். ஆனால் மாதச் சம்பளமும் பேருந்துப் பயணமும் அலுவலக மேசையும் உடையவளாக, அவளுடைய வருவாயை நம்பி ஒரு குடும்பம் உண்பதாக, அந்தக் குடும்பமே அவளுடைய எதிரியாகவும் இருப்பதாக வரைந்ததில் அவருக்குத் தனியிடம் உண்டு.

‘அரங்கேற்ற’த்தில் (1973) வறிய புரோகிதக் குடும்பத்தின் மூத்த மகள் லலிதா, பிள்ளைகள் பெருகிய வீட்டைத் தாங்கப் புறப்பட்டுப் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்படுகிறாள். அவள் அனுப்பிய பணத்தில் படித்தவர்களும் மணமுடித்தவர்களும் உண்மை தெரிந்ததும் அவளை விலக்குகின்றனர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பரப்புரை என்னும் மேற்போர்வை படத்துக்கு உண்டு. அது இன்று பழமையாகத் தோன்றுகிறது. பழமையாகாதது, உண்ட சோற்றின் விலையை அறிய மறுக்கும் குடும்பத்தின் சித்திரம். எனினும் படம் லலிதாவுக்குக் கொடுக்கும் முடிவு மனப்பிறழ்வு. குற்றம் குடும்பத்தின் மீது, தண்டனை அவளுக்கு. பார்வையாளரின் ஒழுக்க உணர்வைக் காயப்படுத்திய படம், கடைசியில் அதற்கே மருந்திடுகிறது.

‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) அந்தத் தவற்றைப் பாதியளவு திருத்திக்கொள்கிறது. கவிதாவின் தந்தை துறவு பூண்டு போய்விட்டார், அண்ணன் குடிகாரன், தங்கை விதவை, ஒரு தம்பிக்குப் பார்வையில்லை. அவளை விரும்பிய ஆண், காத்திருக்க இயலாமல் அந்த விதவைத் தங்கையின்பால் சாய்கிறான். இறுதியில் அவளுக்கே திருமணம் கூடிவரும் நாளில் அண்ணன் கொல்லப்படுகிறான். மணமேடையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துக் கவிதா மீண்டும் அலுவலகம் செல்கிறாள். ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’வுடன் (1960) இப்படம் ஒப்பிடப்படுவதுண்டு. ஒற்றுமை வெளிப்படை; வேறுபாடே கருதத்தக்கது. கட்டக்கின் நீதா பிரிவினையால் வேரறுந்த குடும்பத்தின் மகள்; உழைத்து உருக்குலைந்து, வாழ வேண்டும் என்னும் கதறலோடு முடிகிறாள். கவிதா உருக்குலைவதில்லை. அவளுக்கு நாக்கு இருக்கிறது. வீட்டாரைக் குத்திப் பேசும் கடுமையே அவளுடைய தற்காப்பு. சுஜாதாவின் நடிப்பில் அந்தக் கடுமை அன்பின் மறுபெயராக அன்றி, உண்மையான சலிப்பாகவே ஒலிக்கிறது. தமிழ்த் திரையில் ஒரு நாயகி தன் குடும்பத்தின் மீது சலிப்படைய உரிமை பெற்றது ஒரு பெரிய நிகழ்வு. தெலுங்கு, வங்காளம், கன்னடம் ஆகிய மொழிகளில் அக்கதை மறுபடி எடுக்கப்பட்டதற்கு இந்தப் பாத்திரத்தின் பொதுமையே காரணமாகலாம். ஆயினும் கவிதா வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடும் பேருந்திலேயே அவள் கதை தொடர்கிறது.

‘அவர்கள்’ (1977) தாண்டுகிறது. அனுவின் முன்னாள் கணவன் ராமநாதன் கொடுமைக்காரன். திருந்தியவனாக நடித்து மீண்டும் அவள் வாழ்வில் நுழைந்து, பழைய காதலன் பரணியுடன் அவள் அமைத்துக்கொள்ளவிருந்த வாழ்வைக் கலைக்கிறான். உடன் வேலை செய்யும் ஜனார்த்தனன் தன் அன்பைத் தன் வாயால் சொல்ல மாட்டாமல் கையிலுள்ள பொம்மையின் வாயால் சொல்கிறான். மூன்று ஆண்கள், மூன்று வகை உறவுகள்; இதுவும் கணக்குத்தான். ஆனால் இங்கே கணக்கு ஈவின்றி முடிகிறது. மூவரில் எவரையும் தேர்ந்தெடுக்காமல் அனு குழந்தையுடன் ஊரை விட்டு இரயிலேறுகிறாள். அடையாளத்தை மறைத்து அவள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ராமநாதனின் தாய், மகனை விட்டு மருமகளோடு போகிறாள்.

பாலசந்தரின் படைப்புகளில் மிகத் துணிந்த முடிவு இதுவே எனலாம். காரணம், அனு யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே பெட்டியில் அமரும்போது, இரத்த உறவும் மணவுறவும் அல்லாத ஒரு குடும்பம் அங்கே உருவாகிறது. உறவுகளின் சிக்கலைப் புதிராக அமைத்துப் பின்னர் பழைய ஒழுங்கிலேயே விடுவிக்கும் வழக்கத்தை இயக்குநரே இங்கு மீறியிருக்கிறார். அவருடைய படங்களைப் பெண்ணிய நோக்கில் ஆராய்வோர் ‘சிந்து பைரவி’யைவிட ‘அவர்க’ளை முதன்மைச் சான்றாகக் கொள்வதே முறை.

இசையும் குழந்தையும்

பாலசந்தரின் படங்களில் காவிரிப்படுகை எங்கேனும் எஞ்சியிருக்கிறது என்றால் அது இசையில்தான். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) தில்லியில் வேலை தேடி அலையும் ரங்கன் ஓர் இசைவாணரின் மகன். முடிதிருத்தும் தொழிலாளியாகத் தந்தையின் கண்ணில் படுகிறான். ‘உன்னால் முடியும் தம்பி’யில் (1988) சாதித்திமிர் கொண்ட இசைவாணர் பிலஹரி மார்த்தாண்டம் பிள்ளையை மகன் உதயமூர்த்தி எதிர்க்கிறான். ‘அபூர்வ ராகங்க’ளின் பைரவி பாடகி. நிலம் மறைந்துவிட்டது, நிலத்தால் வளர்ந்த கலையும் அதன் செருக்கும் மட்டும் தந்தையின் உருவில் வந்து நிற்கின்றன.

இந்தக் கரு முழுமை பெறுவது ‘சிந்து பைரவி’யில் (1985). பிறமொழிக் கிருதிகளையே பாடும் கருநாடக இசைக்கலைஞர் ஜே.கே.பி.யைத் தமிழில் பாடுமாறு சிந்து கேட்கிறாள். நாட்டுப்புறப் பாடலொன்றில் தொடங்கித் தியாகராசரின் ‘மரி மரி நின்னே’ கிருதியில் அவள் முடிப்பது, வாதத்தை இசையாலேயே நிறுவும் காட்சி. வழக்கமாகக் காம்போதியில் பாடப்படும் அக்கிருதியை இளையராஜா சாரமதியில் அமைத்தது அந்த வாதத்துக்கு மேலும் ஒரு கூர்மை தந்தது. மரபு மாறலாம் என்பதை உரையாடல் சொல்ல, இராகமாற்றம் செய்துகாட்டியது. 1940களில் அண்ணாமலை அரசரின் முயற்சியால் எழுந்த தமிழிசை இயக்கத்தின் முதன்மைக் களங்களில் ஒன்று அண்ணாமலைநகர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அங்கு மாணவராக இருந்தவர் பாலசந்தர் என்பதைக் கருதும்போது, நாற்பதாண்டுக்குப் பின் அவ்விவாதம் ஒரு வணிகப் படத்தின் மையமானது தற்செயல் என்று தோன்றவில்லை.

சுகாசினிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் அவரவர் துறையில் தேசிய விருதும் பெற்றுத்தந்த இப்படத்தின் இசைவாதம் எவ்வளவு முன்னேறியதோ, அதன் முடிவு அவ்வளவு பின்னடைந்தது. மணவுறவுக்கு வெளியே பிறந்தவள் சிந்து. மணவுறவுக்கு வெளியே தானும் தாயாகி, அந்தக் குழந்தையைப் பிள்ளையற்ற மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டு அகல்கிறாள். அனுவும் வெளியேறினாள், சிந்துவும் வெளியேறுகிறாள். ஆனால் அனு குழந்தையோடு போனாள். சிந்து குழந்தையை விட்டுப் போகிறாள். முன்னது தனக்கான வழி. பின்னது பிறர் இல்லத்தைச் செப்பனிடும் வழி. அறிவில் ஜே.கே.பி.க்கு நிகரான ஒருத்தி, அவன் வீட்டின் குறையை நிரப்பும் கருவியாகக் கதையால் குறுக்கப்படுகிறாள். ‘கல்கி’யிலும் (1996) ஒருத்தி பெற்ற குழந்தை இன்னொருத்தியின் மடிக்குப் போகிறது, அங்கே அது பழிவாங்கலாகவும் நீதியாகவும் முன்வைக்கப்பட்டாலும், தாய்மை இல்லாத பெண் நிறைவற்றவள் என்னும் அடிக்கருத்து அசையவில்லை. பாலசந்தரின் பெண்கள் ஆணை மறுக்கக் கற்றுக்கொண்டனர். பிள்ளைப்பேற்றின் மீதான சமூக மதிப்பை மறுக்க அவர்களுக்கு வாய்ப்பு தரப்படவில்லை.

தண்ணீர் இல்லாத ஊர்

சுவர்கள் இல்லாத பாலசந்தர் படங்கள் சில உண்டு. அவற்றுள் தலையாயது ‘தண்ணீர் தண்ணீர்’ (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை அடியொற்றிய அப்படம், அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதையும் திரைக்கதைக்கான விருதையும் பெற்றது. குடிநீரில்லாத அத்திப்பட்டிக்கு வண்டியில் நீர் கொண்டுவருபவன் காவலரால் தேடப்படும் வெள்ளைச்சாமி. ஊரின் மருமகனோ காவலர். கணவனின் பக்கமா, ஊரின் பக்கமா என்னும் கேள்வி செவந்தியின் மேல் விழுகிறது. மக்கள் தேர்தலைப் புறக்கணிக்கின்றனர். தாமே வாய்க்கால் வெட்ட முனைய, அரசு தடுக்கிறது. ‘அச்சமில்லை அச்சமில்லை’யில் (1984) ஊழல் அரசியல்வாதியாகிவிட்ட கணவனைத் தேன்மொழி தானே கொல்கிறாள்.

இவ்விரு படங்களையும் முன்னர்க் கூறியவற்றோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. வீட்டுக்குள் இருக்கும் நாயகிக்கு வெளியேறுதலே செயல். வெட்டவெளியில் இருக்கும் நாயகிக்கு வெளியேற வாசல் இல்லை. அவள் அங்கேயே நின்று ஊர், அரசு, வாக்கு ஆகியவற்றோடு மோத வேண்டும். சரிதா நடித்த இவ்விரு பாத்திரங்களும் அரசியல் முடிவெடுப்பவர்கள். இடம் மாறியதும் பெண்ணின் செயலும் மாறியிருக்கிறது.

ஆனால் அந்த வெட்டவெளி தென்பாண்டி நாட்டின் வறண்ட நிலம். ஆறும் வாய்க்கால்களும் சூழ்ந்த நன்னிலத்தில் பிறந்தவர் தம் மிகச் சிறந்த ஊர்ப்படத்தைத் தாகத்தைப் பற்றி எடுத்தார். இது முரணாகத் தோன்றலாம். அதற்குள் ஒரு தவிர்ப்பும் இருக்கிறது. வறண்ட ஊரில் எதிரி அரசும் வானமும். நீருள்ள ஊரில் கேள்வி வேறு: நிலம் யாருடையது, நடவு நடுவது யார், கூலி எவ்வளவு. 1968 டிசம்பர் 25 அன்று அதே தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அப்போது ‘எதிர்நீச்சல்’ வெளிவந்திருந்த ஆண்டு. கும்பகோணத்து இந்திரா பார்த்தசாரதி அந்நிகழ்வைக் கொண்டு ‘குருதிப்புனல்’ எழுதினார். அதை ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) என்று படமாக்கினார். பாலசந்தரின் திரைவெளியில் அதற்கு இடமில்லை.

எடுக்காத படத்தைக் கொண்டு ஒருவரை மதிப்பிடலாமா என்பது நியாயமான தடை. ஒரு கலைஞர் எல்லாவற்றையும் பேசக் கடமைப்பட்டவர் அல்லர். எனினும் குடும்பத்துக்குள் அதிகாரம் எவ்வாறு செயல்படுகிறது என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர், அந்தக் குடும்பங்கள் பெயர்ந்துவந்த ஊரின் அதிகாரத்தைத் தொடாமல் விட்டது அவருடைய எல்லையைக் காட்டுகிறது. ‘உன்னால் முடியும் தம்பி’ சாதியைப் பேசுகிறது. ஆனால் அதைத் தந்தையின் ஆணவமாகவும் மகனின் நல்லெண்ணமாகவும் குடும்பத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. வயல் அங்கேயும் தெரிவதில்லை. லலிதாவின் வறுமைக்குக் காரணம் பிள்ளைப்பெருக்கம் என்று ‘அரங்கேற்றம்’ சொல்வதும் இதே குறைபாட்டின் முன்வடிவம்.

நடிகர் பாலசந்தர்

1990களில் பாலசந்தர் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரும்பினார். ‘கையளவு மனசு’, ‘காதல் பகடை’, ‘ஜன்னல்’ முதலியவை வீட்டுக்குள் நடக்கும் கதையை வீட்டுக்குள்ளேயே கொண்டுசேர்த்தன. அவருடைய கலைக்கு இயல்பான சிறுதிரையை அவர் கடைசியில் கண்டடைந்தார் என்றுகூடச் சொல்லலாம். ‘சிந்து பைரவி’யின் தொடர்ச்சி ‘சஹானா’வும் அவ்வழியே வந்ததுதான். இக்காலத் திரைப்படங்கள் வலுவிழந்தவை. அவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

நடிகராக அவர் வந்தது மிகப் பிந்தியே. தாம் இயக்கிய ‘பொய்’ படத்தில் (2006) விதியாகத் தோன்றினார். தாமிரா இயக்கிய ‘ரெட்டைச்சுழி’யில் (2010) பாரதிராஜாவும் அவரும் பகைகொண்ட இரு முதியவர்கள். கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் இயக்குநரும் நகர வீட்டைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் ஓர் ஊரில் எதிரெதிரே நின்றது, தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் படிப்போர்க்குச் சுவையான காட்சி. பாலசந்தரின் நடிப்பில் ஒரு நாடக ஆசிரியரின் பேச்சொழுங்கு உண்டு. சொல்லை முழுதும் உச்சரித்துவிட்டுத்தான் உடல் அசையும்.

அவருடைய நடிப்புக்கு உண்மையான இடம் கிடைத்தது ரமேஷ் அரவிந்த் இயக்கிய ‘உத்தம வில்ல’னில். அதில் அவர் மார்க்கதரிசி என்னும் இயக்குநர். மூளைக்கட்டியால் நாள் எண்ணப்படும் நட்சத்திர நடிகர் மனோரஞ்சன், விலகிப்போன தன் குருவைத் தேடிவந்து கடைசிப் படத்தை இயக்கித்தரக் கேட்கிறான். மனக்கசப்போடு தொடங்கும் குரு, செய்தி அறிந்தபின் இளகுகிறார். கமல்ஹாசன் எழுதி நடித்த அந்தப் பாத்திரங்களில் இருவருடைய நாற்பதாண்டு உறவு ஒளிவுமறைவின்றி இருக்கிறது. வாழ்நாள் முழுதும் பிறருக்கு எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தவர், இங்கே பேச்சைக் குறைத்து முகத்தால் நடிக்கிறார். விளக்கிக்கொண்டே போகும் பழக்கம் அவரிடமிருந்து நீங்கிய அரிய இடம் அது. கதைப்படி இறக்கவிருப்பவன் மாணவன். அவனுடைய படத்தை எடுத்து முடித்து எஞ்சியிருக்க வேண்டியவர் ஆசிரியர். படம் 2015 மே மாதத்தில் திரைக்கு வந்தபோது ஆசிரியர் மறைந்து நான்கு மாதங்களுக்கு மேலாகியிருந்தன.